கையேடு சொல்வதும் அட்லஸ் காட்டுவதும்: மலைக் கல்லூரி ஆய்வகத்துக்கு ஓர் அறிமுகம்

கல்லூரியில் தாவரவியலோ விலங்கியலோ நுண்ணுயிரியலோ வேதியியலோ எடுத்த மாணவரின் கைக்கு முதல் பருவத்திலேயே இரண்டு வகைப் புத்தகங்கள் வந்துவிடும். ஒன்று லேப் மேனுவல் எனப்படும் செய்முறைக் கையேடு. மற்றொன்று அட்லஸ்: செல்கள், திசுக்கள், உறுப்புகள், முழு உயிரிகள் ஆகியவற்றின் படங்களைப் பெயர் குறித்துத் தொகுத்த புத்தகம். என்ன செய்ய வேண்டும் என்று கையேடு சொல்கிறது. செய்து முடித்தபின் எதைப் பார்க்க வேண்டும் என்று அட்லஸ் காட்டுகிறது.

இரண்டும் பக்கத்திலேயே இருந்தும் பிராக்டிகல் வகுப்பில் பலர் திணறுகிறார்கள். கையேடு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அட்லஸில் இருப்பது யாரோ ஒருவர் எடுத்த நூறு ஸ்லைடுகளில் தேறிய ஒன்றின் படம். உங்கள் மேசையில் இருக்கும் செடியும் சாயமும் குளிரும் வேறு. எது ஏன் மாறுகிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டு புத்தகங்களும் உண்மையில் உதவத் தொடங்கும்.

நீலகிரியிலும் பழனிமலையிலும் படிப்பவர்களுக்கு இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. நாம் பயன்படுத்தும் கையேடுகளோ பெரும்பாலும் சமவெளி ஆய்வகங்களை அடிப்படையாகக் கொண்டவை.

கையேட்டில் எதை முதலில் படிப்பது

எந்தக் கையேட்டிலும் ஒரு சோதனை நோக்கம், தத்துவம், தேவையான பொருள்கள், செய்முறை, பதிவுகள், முடிவு, முன்னெச்சரிக்கை என்ற வரிசையில்தான் இருக்கும். மாணவர்கள் நேரே செய்முறைக்குப் போய்விடுகிறார்கள். தத்துவத்தைத் தேர்வுக்கு முந்தைய நாள் மனப்பாடம் செய்கிறார்கள். தலைகீழான பழக்கம் இது. எந்தப் படியில் கவனம் தேவை, எந்தப் படியில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் கெடாது என்பதைத் தத்துவம் மட்டுமே சொல்லும்.

பாக்டீரியாவை நிறத்தால் இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமேற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிஸ்டல் வயலெட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், 95 சதவீத ஆல்கஹாலில் 10 முதல் 20 விநாடி, கழுவியபின் சாஃப்ரனின் 30 முதல் 60 விநாடி என்று கையேட்டில் இருக்கும். நான்கும் ஒரே மாதிரி நான்கு வரிகளாக அச்சாகியிருப்பதால் நான்கும் சம முக்கியம் போலத் தோன்றும். தத்துவத்தைப் படித்தால் நிலைமை வேறு. கிரிஸ்டல் வயலெட்டும் அயோடினும் சேர்ந்து செல்லுக்குள் ஒரு பெரிய கூட்டுப்பொருளாகின்றன. தடித்த செல்சுவர் உள்ள (கிராம் பாசிட்டிவ்) பாக்டீரியாவில் ஆல்கஹால் சுவரை இறுக்கிவிடுவதால் அது வெளியே வருவதில்லை. மெல்லிய சுவர் உள்ளதில் கழுவிப் போய்விடுகிறது. ஆகவே ஆல்கஹால் படிதான் சோதனையின் உயிர். கிரிஸ்டல் வயலெட் பத்து விநாடி அதிகம் நின்றால் ஒன்றும் ஆகாது. ஆல்கஹால் பத்து விநாடி அதிகம் நின்றால் ஊதாவாக இருக்க வேண்டியது இளஞ்சிவப்பாகிவிடும். ஸ்மியர் தடிமனாக இருந்தால் நேர்மாறாக, எல்லாமே ஊதாவாகத் தெரியும். 24 மணி நேரத்தைத் தாண்டிய பழைய வளர்ப்பிலும் கிராம் பாசிட்டிவ் செல்கள் நிறத்தை இழக்கும். அது சாயமேற்றியவரின் பிழை அல்ல.

இப்படி ஒவ்வொரு சோதனைக்கும் செய்முறையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். 'இங்கே நேரம் முக்கியம்', 'இங்கே அளவு முக்கியம்' என்ற இரண்டு குறிகள் போதும்.

'அறை வெப்பநிலை' எத்தனை டிகிரி

கையேட்டில் அடிக்கடி வரும் சொல் 'அறை வெப்பநிலையில் வைக்கவும்'. சமவெளியில் எழுதியவருக்கு அது 27 முதல் 30 டிகிரி செல்சியஸ். ஊட்டியில் டிசம்பர் மாதக் காலை வகுப்பில் ஆய்வகம் 12 டிகிரியில் இருக்கலாம். அந்த இடைவெளி எத்தனையோ சோதனைகளைச் சத்தமில்லாமல் கெடுக்கிறது.

நொதிச் சோதனைகள் முதல் பலி. உமிழ்நீர் அமைலேசு ஸ்டார்ச்சைச் சிதைக்கும் நேரத்தைக் கணக்கிடும் சோதனையில், வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். 30 டிகிரியில் 5 நிமிடத்தில் அயோடின் நிறம் மறைகிறது என்றால், 15 டிகிரியில் 14 நிமிடம் வரை ஆகலாம். கையேட்டில் உள்ள 5 நிமிடத்தை நம்பிக் காத்திருந்துவிட்டு 'நொதி வேலை செய்யவில்லை' என்று எழுதுவது தவறு. வாட்டர் பாத்தில் 37 டிகிரியில் வையுங்கள். இல்லாவிட்டால் அறை வெப்பநிலையை அளந்து பதிவில் எழுதிவிட்டு, நிறம் மறையும்வரை தொடருங்கள். இரண்டுமே சரியான அறிவியல்தான்.

அடுத்தது கிளேசியல் அசெட்டிக் அமிலம். தூய அமிலம் 16.6 டிகிரியில் உறைந்துவிடும். மலை ஆய்வகங்களில் குளிர்காலத்தில் புட்டி முழுவதும் வெள்ளைப் பாறையாக இருப்பது சாதாரணம். முழுவதும் உறைந்தால் ஆபத்தில்லை, எடுக்கவே முடியாது. பாதி உறைந்திருக்கும்போதுதான் சிக்கல். உறையும்போது தூய அமிலம் பளிங்காகப் பிரிகிறது. சிறிதளவு உள்ள நீர் மிஞ்சிய திரவத்தில் தங்குகிறது. மேலே நிற்கும் திரவத்தை மட்டும் உறிஞ்சி எடுத்தால் நீங்கள் அளந்த அடர்வு நீங்கள் நினைத்தது அல்ல. மூடியைச் சற்றுத் தளர்த்தி, புட்டியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி, முழுவதும் உருகியபின் மூடி இறுக்கிக் கலக்கி எடுக்க வேண்டும். நெருப்பின் அருகில் கொண்டுபோகக் கூடாது. அதன் ஆவி தீப்பற்றும். மூக்கையும் கண்ணையும் அரிக்கும்.

ஃபார்மலினும் குளிரில் மாறும். அடியில் வெள்ளைத் தூளாகப் படிவது பாராஃபார்மால்டிஹைடு. அப்படிப் படிந்தால் மேலே உள்ள கரைசலில் ஃபார்மால்டிஹைடு குறைந்திருக்கும். 70 சதவீத ஆல்கஹால் 90 மி.லி., கிளேசியல் அசெட்டிக் அமிலம் 5 மி.லி., ஃபார்மலின் 5 மி.லி. என்று கலந்து தயாரிக்கும் எஃப்.ஏ.ஏ. பதப்படுத்தியில் உறைகிற பொருளும் இருக்கிறது, படிகிற பொருளும் இருக்கிறது. மலையில் இதைக் கலக்கும் முன் இரண்டு புட்டிகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது கட்டாயம்.

அகார் தட்டு ஊற்றும்போது கையேடு 45 முதல் 50 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றச் சொல்லும். அகார் 40 டிகிரியை நெருங்கும்போதே இறுகத் தொடங்குகிறது. 12 டிகிரியில் இருக்கும் பெட்ரித் தட்டில் ஊற்றினால் தட்டு முழுவதும் பரவும் முன்பே கட்டி கட்டியாக உறைந்துவிடும். தட்டுகளை இன்குபேட்டரில் வைத்து 37 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டிரண்டாக எடுத்து ஊற்றுங்கள். மூடியில் நீர்த்துளி படிவதும் குறையும். அந்தத் துளிகள் அகார்மேல் விழுந்தால் தனித்தனிக் காலனிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஸ்லைடில் கவர் ஸ்லிப்பை நிரந்தரமாக ஒட்டும் டி.பி.எக்ஸ். குளிரில் தேன்போல் கெட்டியாகும். கவர் ஸ்லிப்புக்கடியில் காற்றுக்குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் புட்டியைப் பத்து நிமிடம் நிறுத்தினால் போதும். கண்ணாடிக் கருவிகளில் 20 அல்லது 27 டிகிரி என்று பொறித்திருப்பதைப் பற்றி மட்டும் அதிகம் கவலைப்பட வேண்டாம். 27 டிகிரிக்கும் 12 டிகிரிக்கும் இடையே நீரின் கன அளவு மாறுவது 0.3 சதவீதம்தான். தயாரித்ததும் பயன்படுத்துவதும் ஒரே அறையில் என்றால் டைட்ரேஷனில் அது தெரியவே தெரியாது.

காற்றழுத்தம் குறைந்தால்

மலையில் அரிசி வேகத் தாமதமாகும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். ஊட்டியின் காற்றழுத்தம் ஏறத்தாழ 77 கிலோபாஸ்கல், கடல்மட்டத்தில் 101. அதனால் ஊட்டியில் நீர் ஏறக்குறைய 92.6 டிகிரியில் கொதிக்கிறது, கொடைக்கானலில் 93 டிகிரியில். சர்க்கரையைக் கண்டறியும் பெனடிக்ட் சோதனையில் 'கொதிநீரில் 3 நிமிடம்' என்று இருந்தால், அந்தக் கொதிநீர் 100 டிகிரி என்று எழுதியவர் நினைத்தார். இங்கே 5 நிமிடம் கொடுங்கள். குறைந்த சர்க்கரை உள்ள மாதிரியில் பச்சை நிறம் மெதுவாகத்தான் எழும்.

வேதியியல் ஆய்வகத்தில் கொதிநிலையை வைத்துக் கரிமச் சேர்மத்தை அடையாளம் காணும்போது இது பெரிய வேறுபாடாகிவிடும். அட்டவணையில் எத்தனாலின் கொதிநிலை 78.4 டிகிரி. ஊட்டியில் நீங்கள் அளந்தால் 71.5 டிகிரி வாக்கில் வரும். வெப்பமானியில் பிழை இல்லை, உங்கள் கையிலும் பிழை இல்லை. சரிபார்க்க எளிய வழி, அதே நாளில் அதே வெப்பமானியால் நீரின் கொதிநிலையையும் அளந்து பக்கத்தில் எழுதுவது. உருகுநிலை இப்படி மாறுவதில்லை. திண்மமும் திரவமும் அழுத்தத்துக்கு அவ்வளவு அசைந்துகொடுக்காது. ஆகவே அடையாளம் காண்பதற்கு உருகுநிலை கிடைக்கும் சேர்மம் என்றால் அதையே நம்புங்கள்.

நீர் மாதிரியில் கரைந்த ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் அளப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 15 டிகிரியில் நீர் நிறைசெறிவில் லிட்டருக்கு 10.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கொள்ளும் என்று கையேட்டின் அட்டவணை சொல்லும். அது கடல்மட்டக் கணக்கு. கொடைக்கானல் ஏரி நீருக்கு அதே வெப்பநிலையில் நிறைசெறிவே 7.7 வாக்கில்தான். 7.5 கிடைத்தால் ஏரி ஏறக்குறைய நிறைந்திருக்கிறது என்று பொருள். கடல்மட்ட எண்ணோடு ஒப்பிட்டு 'மாசுபட்ட நீர்' என்று எழுதினால் முடிவே தலைகீழாகிவிடும்.

ஆனால் எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் தேவைப்படுவது, அழுத்த நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ். '15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம்' என்று எல்லாக் கையேடுகளும் ஒரே குரலில் சொல்கின்றன. ஆட்டோகிளேவின் முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டும். கடல்மட்டத்தில் வெளிக்காற்று ஒரு சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, 15 சேர்த்தால் 29.7. அந்த மொத்த அழுத்தத்தில்தான் நீராவி 121 டிகிரி ஆகிறது. ஊட்டியில் வெளிக்காற்று 11.2 பவுண்டு. முள் 15 காட்டினாலும் மொத்தம் 26.2 தான், உள்ளே வெப்பநிலை ஏறத்தாழ 117 டிகிரியில் நின்றுவிடும். வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரிய ஸ்போர்களுக்கு அந்த 4 டிகிரி பெரிய சலுகை. இரண்டு நாளில் மீடியத்தில் வெண்படலம் வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

121 டிகிரி வேண்டுமானால் ஊட்டி உயரத்தில் முள் 18.5 பவுண்டு காட்ட வேண்டும். ஆயிரம் அடிக்கு அரைப் பவுண்டு கூட்டு என்பது நினைவில் வைக்க எளிய கணக்கு. ஆனால் உங்கள் ஆட்டோகிளேவ் எத்தனை பவுண்டு வரை தாங்கும் என்று தயாரித்தவர் பொறித்திருப்பதைப் பார்க்காமல் ஒருபோதும் கூட்டாதீர்கள். பாதுகாப்பு வால்வின் எடையை மாற்றுவதோ அதைக் கட்டி வைப்பதோ உயிருக்கு ஆபத்து. கருவி அதற்கு மேல் போகாது என்றால் 15 பவுண்டிலேயே வைத்து நேரத்தை நீட்டுவதுதான் வழி. 35 முதல் 40 நிமிடம் கொடுக்கலாம். உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறி நீராவி தொடர்ச்சியாகச் சீறும்வரை வால்வைத் திறந்து வைப்பதையும் மறக்கக் கூடாது. காற்று தங்கினால் முள் சரியான அழுத்தத்தைக் காட்டிக்கொண்டே வெப்பநிலை குறைவாக இருக்கும்.

மலைப்பூண்டு வேர் நுனி: ஒரு சோதனை முழுமையாக

மைட்டாசிஸ் எனப்படும் செல்பிரிவைப் பார்க்கக் கையேடுகள் வெங்காய வேரைச் சொல்லும். பூண்டும் அதற்குச் சமம். இரண்டிலும் உடல் செல்லில் 16 குரோமோசோம்கள், இரண்டிலும் அவை பெரியவை. கொடைக்கானல் மலைப்பூண்டு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது வெங்காயத்தைத் தேட வேண்டியதில்லை.

பூண்டுப் பற்களின் அடித்தட்டு மட்டும் நீரைத் தொடும்படி வையுங்கள். நீரைத் தினமும் மாற்ற வேண்டும். தேங்கிய நீரில் வேர் நுனி அழுகிப் பழுப்பாகிவிடும். சமவெளியில் இரண்டு மூன்று நாளில் வேர் வரும். குளிர்ந்த அறையில் ஒரு வாரமும் ஆகலாம், வந்தாலும் நுனியில் பிரியும் செல்கள் குறைவாக இருக்கும். 22 முதல் 25 டிகிரியில், இன்குபேட்டரிலோ பல்பு எரியும் ஒரு பெட்டிக்குள்ளோ வைத்து வளர்ப்பது நல்லது. வேர் 1 முதல் 2 செ.மீ. நீளம் வந்ததும் வெட்டுங்கள்.

ஆல்கஹால் 3 பங்கு, கிளேசியல் அசெட்டிக் அமிலம் 1 பங்கு கலந்த பதப்படுத்தியில் 24 மணி நேரம். கலவை அன்றன்று தயாரித்ததாக இருக்க வேண்டும். நாள்பட்டால் இரண்டும் வினைபுரிந்து எஸ்டராகிவிடும். உடனே பார்க்காவிட்டால் 70 சதவீத ஆல்கஹாலில் மாற்றி வைக்கலாம்.

அடுத்து 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் 5 முதல் 8 நிமிடம். இதற்கு அடர் அமிலம் 8.5 மி.லி. எடுத்து, முதலில் 80 மி.லி. நீரில் மெதுவாக விட்டு, பிறகு 100 மி.லி.க்கு நிரப்புங்கள். அமிலத்தைத்தான் நீரில் விட வேண்டும், நீரை அமிலத்தில் விடக் கூடாது. செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் படலத்தைக் கரைப்பதற்குத்தான் இந்தப் படி. வெந்நீர்க் குவளையில் வைத்துச் செய்பவர்கள் வெப்பமானியைக் குவளைக்குள்ளேயே வைத்திருங்கள். குளிரில் 60 டிகிரி நீர் சில நிமிடங்களில் 50க்கு வந்துவிடும்.

நீரில் கழுவி, ஸ்லைடில் வைத்து, நுனியின் 1 முதல் 2 மி.மீ. மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டித் தள்ளுங்கள். அசெட்டோகார்மைன் ஒரு துளி விட்டு இரும்பு ஊசியால் நசுக்கினால் ஊசியிலிருந்து கரையும் சிறிதளவு இரும்பு சாயத்தை ஆழமாக்கும். சற்றே சூடாக்கலாம், கொதிக்கக் கூடாது. கவர் ஸ்லிப் போட்டு, மேலே வடிதாளை மடித்து வைத்து, பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டி, கட்டைவிரலால் நேர்கீழாக அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் செல்கள் உருண்டு சுருண்டுவிடும்.

இப்போது அட்லஸைத் திறந்தால் அதில் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் நான்கும் ஒரே அளவில், ஒரே அழகில் வரிசையாக நிற்கும். உங்கள் ஸ்லைடில் பெரும்பாலான செல்கள் பிரியாமல் இன்டர்ஃபேஸில் இருக்கும். அது தோல்வி அல்ல, அதுதான் வேர் நுனியின் நிலை. பிரியும் செல்களிலும் புரோஃபேஸ்தான் அதிகம், ஏனெனில் அந்தக் கட்டம் நீண்டது. ஒரு புலத்தில் உள்ள மொத்தச் செல்களை எண்ணி, பிரியும் செல்கள் நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட்டால் மைட்டாடிக் குறியெண் கிடைக்கும்.

செல்கள் எல்லாம் நீளமான செவ்வகங்களாக இருந்தால் நுனியை விட்டுவிட்டு மேலே உள்ள நீட்சிப் பகுதியை எடுத்திருக்கிறீர்கள். செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் கட்டியாக இருந்தால் அமிலப் படி போதவில்லை. எல்லாம் தனித்தனியாக இருந்தும் நிறம் வெளிறியிருந்தால் அந்தப் படி மிகுந்துவிட்டது.

அட்லஸை வாசிக்கும் விதம்

அட்லஸ்களில் கோட்டுப்படமும் உண்டு, புகைப்படமும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. புகைப்படம் ஒரு தனி மாதிரியைக் காட்டுகிறது. அதன் கிழிசலும் குமிழியும் சேர்ந்தே வரும். கோட்டுப்படம் பல மாதிரிகளைப் பார்த்தவர் எது பொது, எது தற்செயல் என்று தீர்மானித்து வரைந்தது. நம் மலைத் தாவரங்களுக்கு இந்தக் கோட்டுப்பட மரபு பழையது. 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள் நீலகிரிச் செடிகள் உட்பட ஏராளமான தாவரங்களை வரைந்தார்கள். பூவைப் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் தனியே பெரிதாக்கிப் பக்கத்தின் அடியில் வைத்திருப்பதைப் பார்த்தால், அவர்கள் செடியை எவ்வளவு கூர்ந்து பார்த்தார்கள் என்பது தெரியும். 1915இல் ஃபைசன் என்ற தாவரவியலாளர் நீலகிரி, பழனிமலை உச்சித் தாவரங்களுக்குப் படங்களோடு நூல் வெளியிட்டார். பழனிமலைக்குப் பின்னாளில் கே. எம். மேத்யூ விரிவான படத்தொகுதியைத் தந்தார். ஒரு செடியை அடையாளம் காணப் புகைப்படம் மட்டும் போதாமல் நிற்கும்போது இத்தகைய கோட்டுப்படங்கள்தான் கைகொடுக்கும்.

அட்லஸின் நிறங்களை இயற்கை நிறம் என்று நினைத்துவிட வேண்டாம். குறுக்குவெட்டில் சைலம் சிவப்பாக இருப்பது சாஃப்ரனின் லிக்னினில் ஒட்டியதால். பச்சையாகத் தெரியும் சுவர்கள் ஃபாஸ்ட் கிரீன் ஏறிய செல்லுலோஸ் சுவர்கள். விலங்குத் திசுவில் உட்கரு நீலமாகவும் சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகவும் இருந்தால் அது ஹீமடாக்சிலின், இயோசின் என்ற இரட்டைச் சாயம். படத்தின் கீழே சாயத்தின் பெயர் இல்லாத அட்லஸை வாங்காதீர்கள். நீங்கள் சாஃப்ரனின் மட்டும் போட்டுவிட்டுப் பச்சை நிறத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

உருப்பெருக்கம் அடுத்த பொறி. '400 மடங்கு' என்பது 10 மடங்கு ஐபீஸும் 40 மடங்கு ஆப்ஜெக்டிவும் சேர்ந்தது. ஆனால் அந்தப் படம் அச்சில் சுருங்கியோ விரிந்தோ இருக்கும். செல்போன் திரையில் பார்த்தால் இன்னும் மாறும். அளவுகோடு மட்டும் படத்தோடு சேர்ந்தே சுருங்கி விரியும் என்பதால் அதை நம்பலாம். உங்கள் ஸ்லைடை அளக்க ஐபீஸ் மைக்ரோமீட்டரை முதலில் சரிபார்க்க வேண்டும். ஸ்டேஜ் மைக்ரோமீட்டரில் 1 மி.மீ. நூறாகப் பிரிந்திருக்கும், ஒரு பிரிவு 10 மைக்ரான். 40 மடங்கு ஆப்ஜெக்டிவில் ஐபீஸின் 100 பிரிவுகள் ஸ்டேஜின் 25 பிரிவுகளோடு பொருந்தினால், ஐபீஸின் ஒரு பிரிவு 2.5 மைக்ரான். ஆப்ஜெக்டிவை மாற்றினால் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

பழகுவதற்கு நீலகிரி உருளைக்கிழங்கைவிட நல்ல பொருள் இல்லை. வெட்டிய பரப்பைச் சுரண்டி ஒரு துளி நீரில் வையுங்கள். ஸ்டார்ச் மணிகள் முட்டை வடிவில், ஏறத்தாழ 15 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஓரமாக ஒதுங்கிய ஒரு புள்ளியும் அதைச் சுற்றி வளையங்களும் தெரியும். அதன் பிறகு நீர்த்த அயோடினை விடுங்கள். முதலிலேயே அடர்த்தியாக விட்டால் மணிகள் கறுத்து, வளையங்கள் மறைந்துவிடும்.

குறுக்குவெட்டுகளில்தான் அட்லசுக்கும் கைக்கும் அதிக தூரம். அட்லஸ் படம் பெரும்பாலும் மைக்ரோடோம் என்ற வெட்டும் கருவியில் 10, 12 மைக்ரான் தடிமனில் வெட்டியது. பிளேடால் வெட்டுவதில் பல செல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று இருக்கும். நுண்திருகை மேலும் கீழும் அசைத்து அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். மெல்லிய இலையானால் ஊட்டிக் கேரட்டை நீளவாட்டில் பிளந்து இடையே இலையைச் செருகிக்கொள்ளுங்கள். பிளேடையும் கேரட்டையும் நனைத்து, ஒரே இழுப்பில் உங்களை நோக்கி வெட்டுங்கள். அறுப்பதுபோல் முன்பின் இழுத்தால் ஆப்பு வடிவில் வரும். இருபது வெட்டுகளையாவது வாட்ச் கிளாஸ் நீரில் விட்டு, அதில் மிக மெல்லியதைப் பிரஷ்ஷால் எடுத்து, 1 சதவீத சாஃப்ரனினில் ஒரு நிமிடம் வைத்து, கழுவி, கிளிசரினில் ஏற்றுங்கள். கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பு முதலில் தொடும்படி சாய்த்து இறக்கினால் குமிழி வராது. வட்டமாக, தடித்த கறுப்பு விளிம்போடு தெரிவது குமிழிதான், செல் அல்ல. நாளங்கள் எல்லாம் முட்டை வடிவில் தெரிந்தால் வெட்டு சாய்ந்துவிட்டது.

பிறகு, செடி வேறு என்ற பிரச்சினை. இருவித்திலை இலையின் அட்லஸ் படத்தைப் பார்த்துக்கொண்டு தேயிலை இலையை வெட்டினால், நடுத்திசுவில் தடித்த சுவரோடு கிளைவிட்ட விநோதமான செல்கள் தெரியும். பொதுவான படத்தில் அவை இருக்காது. அவை ஸ்கிளீரைடுகள், தேயிலையை அடையாளம் காண உதவும் செல்கள். 'படத்தில் இல்லை' என்று அவற்றை விட்டுவிட்டு வரைவது பெரிய இழப்பு. இதே ஸ்கிளீரைடுகளின் இன்னொரு வகையை மலைப் பேரிக்காயின் நறநறப்பான சதையை நசுக்கி, சாஃப்ரனின் விட்டால் கொத்துக் கொத்தாகப் பார்க்கலாம். பைன் மரத்திலும் இப்படித்தான். வட இந்தியச் சிர் பைனைக் காட்டும் அட்லஸை வைத்துக்கொண்டு இங்கே நட்டு வளர்த்த, ஊசிகள் தொங்கும் பட்டுலா பைனை வெட்டுகிறோம். ஒரு கொத்தில் எத்தனை ஊசி என்று முதலில் எண்ணுங்கள். இரண்டு என்றால் வெட்டு அரைவட்டமாகவும், மூன்று என்றால் முக்கோணமாகவும் இருக்கும்.

விலங்கியலில் இளநிலை மாணவர்களின் உடற்கூறு வெட்டுச் சோதனைகள் பல்கலைக்கழக மானியக் குழுவின் முடிவால் நின்றுவிட்டதால், அங்கே அட்லஸ் துணை நூலாக இல்லாமல் முதன்மை நூலாகிவிட்டது. தட்டையான படத்திலிருந்து உறுப்புகளின் முன்பின் அடுக்கைப் புரிந்துகொள்வது கடினம். ஒரே உறுப்பை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காட்டும் அட்லஸையே தேர்ந்தெடுங்கள். பதப்படுத்திய மாதிரிகளை நேரில் பார்க்க, பழனிமலையில் உள்ளவர்களுக்குச் செண்பகனூர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அருகிலேயே இருக்கிறது.

ரெக்கார்டும் ஸ்பாட்டரும்

ரெக்கார்டு நோட்டில் அட்லஸைப் பார்த்து வரைவது பரவலான பழக்கம். அதனால் தேர்வில் ஸ்பாட்டர், அதாவது பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய மாதிரிகள், உள்ள மேசைக்கு முன் நின்றதும் கை நடுங்குகிறது. முதலில் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துப் பென்சிலால் வரையுங்கள். அட்லஸை அதன் பிறகு திறந்து, பெயர்களை மட்டும் சரிபாருங்கள். படத்தின் கீழே செடியின் பெயர், எந்த வெட்டு, எந்தச் சாயம், உருப்பெருக்கம் நான்கும் வேண்டும். 0.04 மி.மீ. செல்லை 80 மி.மீ. நீளத்துக்கு வரைந்திருந்தால் வரைபடத்தின் உருப்பெருக்கம் 2,000 மடங்கு. ஆப்ஜெக்டிவைப் பார்த்து 400 என்று எழுதக் கூடாது.

மழைக்காலத்தில் செடிகளை அழுத்தி உலர்த்துபவர்கள் வடிதாளைத் தினமும் மாற்றுங்கள். ஜூன் முதல் நீலகிரியில் காற்றின் ஈரத்திலேயே தாளில் பூஞ்சை பிடித்துவிடும். சோலைக்குள் போய்ப் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். கல்லூரி வளாகத்தின் களைகளும் சாலையோரச் செடிகளுமே இளநிலைப் பாடத்துக்குத் தாராளமாகப் போதும். ஈரம் மைக்ராஸ்கோப்பின் லென்சிலும் பூஞ்சையை வளர்க்கும். வகுப்பு முடிந்ததும் சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வையுங்கள். பையின் நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டால் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தலாம்.

பழைய பதிப்பு அட்லஸ் மலிவாகக் கிடைத்தால் திசுவியலுக்கு வாங்கலாம், சைலம் மாறுவதில்லை. வகைப்பாட்டியலுக்கு மட்டும் பெயர்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலைச் சாலையோரமெல்லாம் வெண்பூவோடு நிற்கும் களை பழைய நூல்களில் யூபடோரியம் அடினோஃபோரம். இன்று அஜெரட்டினா அடினோஃபோரா. சோலைச் செண்பகம் மைக்கேலியா நிலகிரிகாவாக இருந்தது, இப்போது மக்னோலியா நிலகிரிகா. ரெக்கார்டில் புதிய பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் பழைய பெயரையும் சேர்த்துவிட்டால், தேர்வாளர் எந்தப் பதிப்பில் படித்தவராக இருந்தாலும் குழப்பம் வராது.